கேணி தேறும் வரை

மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி. வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குப் போகும் கரையோர வீதியில் ஊர்ப்பெயர்கள் இப்படித்தான் வரும். மா, காயா, பனிச்சை என்று மூன்று மரங்கள். மூன்றின் நிழலிலும் ஒவ்வொரு கேணி. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் தாகத்தோடு நடந்து வந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டும் உப்பு. நடுவே கிடக்கும் மணல் திட்டில் தோண்டினால் ஊறுகிற நீர் மட்டும் நாவுக்கு இதம்.

அந்த நீர் அங்கே இருப்பதே ஒரு பொறுமைதான். மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. மழைநீர் இலேசு, கடல்நீர் பாரம். இரண்டும் கலக்காமல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். வாளியை மெல்ல இறக்கி, வேண்டியதை மட்டும் மொண்டால் நல்ல தண்ணீர் வரும். ஆத்திரப்பட்டு இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். "கேணியைக் கலக்காத" என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. அது தண்ணீரைப் பற்றிய பேச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன மாரிக்கு முந்தி, சுவிசில் இருக்கும் மருமகன் விடுமுறைக்கு வந்தான். பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சாமான்களில் ஒரு சிவப்பு வைன் போத்தலும் இருந்தது. "மாமா, பிரசர் இருக்கிற ஆக்களுக்கு இது நல்லமாம். இராச் சாப்பாட்டோட சின்னக் கிளாஸ் ஒண்டு. மருந்து மாதிரி." என் மனைவி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒருமுறை சுற்றினாள். சாமி அறையில் வைக்க முடியாது. குசினியில் வைக்க மனமில்லை. கடைசியில் என் மூக்குக்கண்ணாடியும் பிரசர்க் குளிசையும் இருக்கிற அலுமாரியின் மேல்தட்டில் இடம் கிடைத்தது. மருந்து மாதிரி என்று அவன் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் நாட்டில் வைன் என்ற சொல் போத்தலில் இருப்பதைவிடப் பெயர்ப்பலகையில்தான் அதிகம். "வைன் ஸ்டோர்ஸ்" என்று எழுதிய கடைக்குள் போனால் வைனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தட்டுகள் நிறையச் சாராயம். பழைய ஆட்கள் தவறணை என்பார்கள். போர்த்துக்கீசரிடமிருந்து வந்த சொல் அது. ஆனாலும் அதற்குள் ஒரு தவறு ஒளிந்திருப்பது தமிழ்க் காதுக்குத் தப்பாது. எங்களுக்குத் தெரிந்த உண்மையான வைன் மரத்தில் ஊறி முட்டியில் இறங்குவது.

சின்ன வயதில் எனக்கு ஒரு சீவற்காரப் பெரியவரோடு பழக்கம். விடியுமுன் தளைநாரும் பாளைக்கத்தியுமாக வருவார். தென்னம்பாளையை நாரால் கட்டி, தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டுவார். பிறகு அதன் சொட்டுக்காகக் காத்திருப்பது அவருடைய பாதி வாழ்க்கை. ஒரே மரத்தில் இரண்டு முட்டி கட்டியிருந்தாலும் ஒன்றில் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருக்கும். அதில் இறங்குவது கருப்பநீர், பிள்ளைகளுக்கு. பூசாத முட்டியில் இறங்குவது கள்ளு. பாளையும் ஒன்றே, சாறும் ஒன்றே. "ஏனப்பு இது இனிக்குது, அது கடுக்குது?" என்று கேட்டேன். "அது நிக்காது மகன். நாம நிப்பாட்டினாத்தான் நிக்கும்" என்றார்.

அவர் சொன்னதன் உட்பொருளைப் பிறகு பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தேன். பாளைச் சாற்றில் 12 முதல் 15 வீதம் வரை சீனி இருக்கிறது. சீவிய வாயிலும் முட்டியின் சுவரிலும் காற்றிலும் இருக்கும் மதுவம் அந்தச் சீனியைத் தின்று மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. நுரை அதன் மூச்சு. காலையில் இனிப்பு, மத்தியானத்துக்குள் 4, 5 வீதம் மதுசாரம், அடுத்த நாள் புளிப்பு, இன்னும் விட்டுவைத்தால் வேறொரு நுண்ணுயிர் வந்து மதுசாரத்தையும் தின்று வினாகிரி ஆக்கிவிடும். சுண்ணாம்பு மதுவத்தைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஒரே கள்ளை இரண்டு தரம் குடித்தவர் யாருமில்லை. முதல் பிளாவுக்கும் இரண்டாம் பிளாவுக்கும் இடையில் அது வேறொன்றாகிவிடும்.

எனக்கு இதில் இன்றும் வியப்புத் தருவது மதுவத்தின் முடிவு. அது ஆக்கும் மதுசாரமே ஓரளவுக்குமேல் அதைக் கொல்லும். திராட்சை வைன் பெரும்பாலும் 12, 13, 14 வீதத்தில் நிற்கும்; 15ஐத் தாண்டுவது அரிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தான் கட்டிய வீட்டில் தானே மூச்சடைத்துச் சாகிற உயிர். இயற்கை அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. வாலை வைத்து வடித்து, ஆவியைப் பிடித்துக் குளிர்வித்த மனிதன் அந்தக் கோட்டைத் தாண்டினான். சாராயம் 33 வீதத்துக்கு மேலே. கள்ளச்சந்தையில் விற்கும் கசிப்பு எத்தனை வீதம் என்பதை அதைக் காய்ச்சியவனே அறிய மாட்டான். அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்பதும் அப்படித்தான்.

தமிழ் இந்தப் பானத்துக்கு வைத்த பெயர்களில் ஒன்று என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்கிறது. தேறல். அடிமண்டி இறங்கி, மேலே தெளிந்து நிற்பது என்று பொருள். சங்கப் புலவர் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடியபோது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலை நினைவுகூர்கிறார்; புறநானூற்றின் 56ஆம் பாட்டு அது. கடல் கடந்து வந்த திராட்சை வைன். அரிக்கமேட்டு மண்ணுக்குள்ளிருந்து அந்த வைன் சாடிகளின் உடைவுகளை எடுத்திருக்கிறார்கள். அதியமான் இறந்தபோது ஔவை அழுத பாட்டு, அவன் இருந்த கள்ளைப் பகிர்ந்த விதத்தை நினைத்துத்தான் தொடங்குகிறது. கொஞ்சம் இருந்தால் அவளுக்கு, நிறைய இருந்தால் இருவருக்கும். அந்த வரிகளை வாசிக்கும்போது கள்ளின் வாசம் வருவதில்லை. ஒரு மனிதன் இல்லாமற் போன வெறுமைதான் வருகிறது.

ஆனால் அதே வேர்ச்சொல்லைத்தான் நாம் காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்த்தும் கேட்கிறோம்: "உடம்பு தேறிற்றா?" செத்த வீட்டில் தேறுதல் சொல்கிறோம். கலங்கிய தண்ணீர் தேறும், கலங்கிய மனம் தேறும், நோயாளி தேறுவான். குடிக்கிறவன் எதைத் தேடுகிறான் என்பதை மொழி எப்போதோ கண்டுபிடித்து ஒரு சொல்லுக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாக எனக்குத் தோன்றும். அவன் தேடுவது தேறுதலை. அவன் கைக்குக் கிடைப்பது தேறல்.

இதற்கு எதிர்ப்புறம் நிற்கும் சொல் வெறி. எங்கள் பக்கம் குடித்தவனைப் பார்த்து "வெறியில நிக்கான்" என்பார்கள். பழைய தமிழில் வெறி என்பது முருகன் ஏறி ஆடும் ஆட்டம், வேலன் வெறியாடுவான். நறுமணத்துக்கும் அதே சொல். தெய்வம் ஏறுவதற்கும் சாராயம் ஏறுவதற்கும் ஒரே சொல் மிஞ்சியது எப்படி என்று யோசித்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். இரண்டிலும் மனிதன் தன்னை விட்டு வெளியே போகப் பார்க்கிறான். திரும்பி வருகிற வழி ஒன்றுக்கு இருக்கிறது.

கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் செய்த வள்ளுவர் அதை எங்கே வைத்தார் என்பதும் யோசிக்கத் தக்கது. புலால் மறுத்தலும் கொல்லாமையும் துறவறத்துக்குள் இருக்கின்றன. கள்ளுண்ணாமை மட்டும் பொருட்பாலுக்குள், 93ஆம் அதிகாரமாக. அடுத்தது சூது, அதற்கடுத்தது மருந்து. பாவம் புண்ணியம் பேசும் இடத்தில் வைக்கவில்லை. கடன், நோய், சபையில் இழக்கும் மரியாதை என்று நடைமுறை வாழ்க்கையின் கணக்குப் புத்தகத்தில் வைத்தார். மருந்து என்று மருமகன் சொன்ன போத்தலுக்கும் வள்ளுவரின் மருந்துக்கும் நடுவே சூதாட்டம் இருப்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்த பிள்ளை.

அவன் கதையும் முழுப் பொய் இல்லை. ஒரு காலத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் பாற்கட்டியுமாகச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு என்ற கேள்விக்கு, வைன்தான் பதில் என்று 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசப்பட்டது. அடுத்த வருடம் பிரெஞ்சு ஆய்வாளர் சேர்ஜ் ரெனோ அதை லான்செட் இதழில் எழுதினார். சிவப்புத் திராட்சைத் தோலில் உள்ள ரெசவெரட்ரோல் என்ற பொருளுக்குப் பெரிய பெயர் வந்தது. ஒரு லீற்றர் வைனில் அது சில மில்லிகிராம் மட்டுமே. நாங்கள் கொறிக்கிற கச்சானிலும் அது உண்டு. கச்சானுக்கு அப்படியொரு மரியாதையை எவரும் தரவில்லை.

பிறகு கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். கொஞ்சமாகக் குடிப்பவர், குடிக்காதவரைவிட நெடுநாள் வாழ்கிறார் என்று சொன்ன ஆய்வுகளில், "குடிக்காதவர்" வரிசையில் யார் யார் நின்றார்கள்? நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் அதற்குள்ளேயே நின்றார்கள். ஏற்கெனவே தளர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் எவரும் திடமாகத்தான் தெரிவார். மேசையில் அளவாக வைன் ஊற்றிக் குடிப்பவர் பெரும்பாலும் வசதியுள்ளவர், நல்ல சாப்பாட்டுக்காரர், நேரத்துக்கு வைத்தியரிடம் போகிறவர் என்பதும் கூடவே தெரிந்தது. நன்மை போத்தலுக்குள் இருந்ததா, அந்த மேசையில் இருந்ததா? 2018இல் லான்செட்டில் வெளிவந்த உலகளாவிய ஆய்வு, உடலுக்கு மிகக் குறைந்த கேடு தரும் அளவு பூச்சியமே என்றது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டது.

காரணம் ஈரலுக்குள் நடக்கிறது. வைனில் 100 மில்லிலீற்றர், கள்ளில் கால் லீற்றர், சாராயத்தில் 40 மில்லிலீற்றர் எதுவானாலும் ஏறத்தாழ 10 கிராம் மதுசாரம். இரத்தத்துக்குள் போன பிறகு அது திராட்சையில் பிறந்ததா தென்னையில் பிறந்ததா என்று ஈரல் கேட்பதில்லை. அது மதுசாரத்தை முதலில் அசற்றல்டிகைட்டு ஆக்குகிறது; பிறகுதான் தீங்கில்லாத அசற்றேற்று ஆக்குகிறது. நடுவில் வரும் அந்தப் பொருள் நச்சு. உயிரணுவின் மரபுப்பொருளையே காயப்படுத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் தருவன என்ற முதல் வரிசையில் எழுதிவைத்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பு என்று அது போகும் வழி நீளம். மார்புப் புற்றுக்கு நாளுக்கு ஒரு கிளாஸே வாய்ப்பைக் கூட்டும். பிரசரைத் தணிக்கும் என்று வந்த போத்தலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: மதுசாரம் பிரசரை ஏற்றும். குளிசையும் போத்தலும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான்.

ஆனாலும் இந்த எண்களை வைத்துக்கொண்டு நான் எவனுக்கும் புத்தி சொல்லப் போனதில்லை. அதற்குக் காரணம் என் கூட்டாளி ஒருவன். மச்சான் முறை. கரைவலைக்காரன்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து போனபோது அவனுடைய வளவில் கிணறும் அவனும் மட்டும் மிஞ்சினார்கள். கிணறு நிறையக் கடல். உதவிக்கு வந்தவர்கள் இயந்திரம் வைத்து இறைத்தார்கள். இறைத்த கிணறு அடுத்த நாள் இன்னும் உப்பாக இருந்தது. திரும்பவும் இறைத்தார்கள். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைப் பார்த்த நீரியலாளர்கள் பிறகு சொன்னது, என் அம்மா சொன்னதுதான்: அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடி உப்பு மேலே வரும், மழைக்கு விடுங்கள், மெல்ல மாறும். நல்ல மனதோடு செய்த வேலையே கிணற்றைக் கெடுத்தது. அவன் விடயத்திலும் நாங்கள் அதைத்தான் செய்தோம். பின்னேரமானால் அவனைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொன்னோம், கோபித்தோம், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சத்தியம் வாங்கினோம். இறைக்க இறைக்க உப்புத்தான் ஏறியது. காலையிலேயே குடிக்கத் தொடங்கினான்.

அதற்கு இரண்டு வருடத்தில் யுத்தம். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைக் கரை முழுக்க வெறுமையானது. நாங்களும் கையில் கிடைத்ததோடு வெளியேறி முகாம்களில் இருந்தோம். திரும்பி வந்த நாளில் அவன் முதலில் செய்தது கிணற்றில் வாளியை இறக்கியது. மொண்டு வாயில் வைத்தான். என்னைப் பார்த்தான். இன்னொரு தரம் மொண்டான். மனிதர் இல்லாத மாரியில், எவரும் இறைக்காத மழையில், கேணி தேறியிருந்தது.

அன்றே அவன் குடியை விட்டான் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். நடந்தது அப்படியல்ல.

மட்டக்களப்புப் பக்கத்தில் பல கண்ணகை அம்மன் கோயில்கள் வருடம் முழுக்கப் பூட்டியிருந்து வைகாசியில்தான் கதவு திறக்கும். அந்த நாட்களில் ஊரே நோன்பிருக்கும். மச்சம் மாமிசம் இல்லை, குடி இல்லை. கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தை ஆற்றிக் குளிரவைக்கிற சடங்கு. ஒரு வருடம் அவனுடைய தமக்கையின் ஊருக்குச் சடங்குக்குப் போனான். கதவு திறந்த நாள் தொட்டு ஒரு சொட்டும் தொடவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, இரவில் இல்லாத ஆட்களோடு கதைத்தான். தெய்வம் ஏறுகிறது என்றார்கள் சிலர். தமக்கைக்குச் சந்தேகம் வந்து ஓட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள் செய்தது பெரிய காரியம். நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் பிதற்றலாம், உயிரே போகலாம். மருந்தோடு வைத்தியரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இரண்டு வெறிக்கும் ஒரே பெயர் வைத்த மொழி இந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடும்.

ஆசுபத்திரியில் ஈரலைப் படம் பிடித்துப் பார்த்து, கொழுப்புப் படிந்திருக்கிறது, இன்னும் தழும்பு விழவில்லை என்றார்கள். குடியால் ஈரலில் படிகிற கொழுப்பு, குடியை நிறுத்தினால் சில கிழமைகளிலேயே கரையத் தொடங்கும். தழும்பு விழுந்து இறுகிப்போனால் அது பெரும்பாலும் திரும்பாது. அப்போதும் நிறுத்தினால் ஆயுள் நீளும். வைத்தியர் இதையெல்லாம் அவனுக்கு விளங்கப்படுத்தியபோது நான் பக்கத்தில் நின்றேன். அவன் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "அப்ப, இறைக்கத் தேவையில்லையா ஐயா?" வைத்தியருக்கு விளங்கவில்லை.

பிறகும் இரண்டு தரம் விழுந்தான். வீட்டுக்கு வெளியே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேச வேண்டாம் என்று தமக்கை சொல்லியிருந்தாள். வருடா வருடம் சடங்கு வந்தது. எட்டு நாள் பதினைந்தானது. பதினைந்து ஒரு மாதமானது. எந்த நாளில் அவன் முழுதாக விட்டான் என்று அவனாலும் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில்தான் சமயங்கள் இந்தப் பானத்தை எப்படிக் கையாள்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் கரையில் இதற்குத் தூரம் போகத் தேவையில்லை. சில காவல் தெய்வங்களின் மடையில் கள்ளும் இருக்கும். அம்மன் வாசலில் அது கூடாது. வாகரைக் கரையோர வேடர்கள் கப்பலில் வந்த பேய்களுக்குச் சடங்கு செய்வதை, செலிக்மன் தம்பதி 1911இல் வந்த தங்கள் நூலில் எழுதினார்கள். கப்பலில் தேறலும் வரும், பேயும் வரும். ஓட்டமாவடியில் எனக்குச் சட்டை தைக்கிற நானா, குர்ஆன் மதுவில் பயனும் உண்டு, தீங்கு அதைவிடப் பெரிது என்று சொல்லிவிட்டுத்தான் பிறகு முற்றாக விலக்கியது என்றார். பயனை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. லான்செட்காரர்கள் வந்துசேர எத்தனை வருடம் எடுத்தார்கள்! பௌத்தர்களின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்கச் சொல்லும் காரணம் விழிப்பின்மை. போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. வைகாசிப் பறுவத்தில் வெசாக்கும் வரும், அம்மன் கோயில்களில் குளிர்த்தியும் வரும். நாட்டின் இரண்டு கரைகளும் தெரியாமலே ஒன்றாக நோன்பிருக்கிற இரவு.

கிறிஸ்தவர்களின் காரியம் நுட்பமானது. கத்தோலிக்கப் பூசையில் குருவானவர் கிண்ணத்தில் ஊற்றுவது நொதித்த திராட்சை இரசமேதான். அதில் ஒரு துளி தண்ணீரும் கலப்பார். மட்டக்களப்புக்கு 1814இலேயே வந்த மெதடிஸ்தர்கள் மதுவிலக்கில் உறுதியானவர்கள். அதே சபைக்காரர் ஒருவர், அமெரிக்காவில் இருந்த தோமஸ் வெல்ச் என்ற பல்வைத்தியர், 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கி மதுவத்தைக் கொன்று, நற்கருணைக்கு நொதிக்காத இரசம் தயாரித்தார். முட்டியில் சுண்ணாம்பு பூசிய எங்கள் சீவற்காரப் பெரியவரும் அவரும் செய்தது ஒரே வேலை.

சுவிசேஷத்தில் எனக்கு மனதில் நிற்பது கானாவூர்க் கலியாணம் அல்ல. சிலுவையில் அறையுமுன் வலி மரத்துப்போக வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை இயேசுவுக்குக் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை. எல்லாம் முடிகிற நேரத்தில் தாகம் என்று சொன்னபோது காடியைக் கொடுத்தார்கள்; அதை வாங்கினார். மயக்குகிறதை மறுத்து, புளித்துப்போனதை ஏற்றுக்கொண்ட அந்த வாய். தாகம் ஒன்று, மறதி வேறொன்று என்று அந்த நேரத்திலும் பிரித்தறிந்தவர். கள்ளுண்ணாமைக்கு ஒரு பகுதி வைத்த திருமூலரும் சிவானந்தத்தைப் பற்றிப் பேசும்போது, ஓயாமல் ஊறும் தேறல் என்ற அதே சொல்லைத்தான் எடுத்தார். தாகத்தை அவர் வையவில்லை. அது எங்கே போய் மொள்ளுகிறது என்பதைத்தான் பார்த்தார்.

மருமகன் திரும்பிப் போகுமுன் இரவு போத்தல் திறக்கப்பட்டது. அவன் மனம் நோகக் கூடாதென்று நானும் சின்னக் கிளாஸ் ஒன்று எடுத்தேன். துவர்ப்பு, கொஞ்சம் கனிந்த பழவாசம், பிறகு காதோரம் ஒரு சூடு. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லத் தேவையில்லை. கூட்டாளியும் வந்திருந்தான். மருமகன் நீட்டியபோது எந்தக் கதையும் சொல்லாமல், "எனக்குத் தண்ணி தாங்க மகன்" என்றான். மீதிப் போத்தல் தக்கையைச் சும்மா சொருகியபடி அலுமாரித் தட்டுக்குத் திரும்பிப் போனது. அங்கேயே மறந்துபோனது.

மாரி கழிந்து வெயில் ஏறிய நாட்களில் அலுமாரியைத் திறந்தால் புளித்த வாசம். என் மனைவி போத்தலை மணந்து பார்த்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் குசினிக்குக் கொண்டுபோனாள். அந்தக் கிழமை வீட்டில் அச்சாறு. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பப்பாசிக் காயும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஊறிக் கிடந்தன. மத்தியானம் கூட்டாளி சாப்பிட வந்தான். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டு, "எந்தக் கடை வினாகிரி, மச்சாள்?" என்று கேட்டான். அவள் சுவிசு என்றாள்.

கை கழுவ அவன் கேணிக்குப் போனான். அவன் வாளியை இறக்குவது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டது. கயிறு உரசுகிற சத்தம் மெல்ல, மிக மெல்ல. பிறகு வாளி நீரில் படுகிற சின்னச் சத்தம்.